துண்டுக்குள் கைமாறிய திக்கல்

மாட்டுச் சந்தையில் விலையை வாயால் பேசுவதில்லை என்பதை அறியாதவர்களுக்கு அதை முதலில் சொல்லிவிடுவதே முறை. விற்பவரின் தரகரும் வாங்குபவரின் தரகரும் எதிரெதிரே நின்று, இருவர் வலக்கைகளின் மேலும் ஒரு துண்டைப் போர்த்திக்கொண்டு, அதற்கடியில் ஒருவர் விரலை ஒருவர் பற்றியும் அழுத்தியும் மடக்கியும் விலக்கியும் விலை சொல்வார்கள். சுற்றி நிற்கும் கூட்டத்துக்குத் துண்டின் அசைவு தெரியுமே தவிர விலை தெரியாது. வேப்பங்காட்டுவலசின் வியாழக்கிழமைச் சந்தையில் பொங்கியண்ணன் தரகரானது அந்தத் துண்டை நம்பித்தான். அவருக்கு நாக்கு எழுந்த நாளிலிருந்தே திக்கும்.

திக்குவாயோடு பேசுவது குண்டும் குழியுமான பாதையில் வண்டி ஓட்டுவது போன்றது. எந்தச் சொல்லில் சக்கரம் இறங்கும் என்பதைத் தொலைவிலேயே கண்டு, வேறு சொல் வழியாக வண்டியைத் திருப்பிவிட வேண்டும். பொங்கியண்ணன் நல்ல வண்டிக்காரர். 'பசு' என்ற சொல் உதட்டில் அடைத்துக்கொள்ளும் என்று தெரிந்ததும் 'அம்மிணி' என்பார். மாட்டுக்கும் மரியாதை கொடுக்கிற மனிதர் என்று ஊர் அவரைப் புகழ்ந்தது. டீக்கடையில் அவர் மனம் போண்டாவைக் கேட்கும், வாய் வடையைக் கேட்கும். வடையைத் தின்று வடை பிடித்தவராகவே பேரெடுத்தார். அவருடைய ஊரான தட்டாங்காட்டின் பேரைப் பேருந்தில் சொல்ல முடியாதென்பதால், அதற்கு அடுத்த நிறுத்தமான எல்லைமேட்டுக்குச் சீட்டு வாங்கி, இறங்கி, புளியமரச் சாலையில் திரும்பி நடப்பார். அப்படி நடந்த தூரத்தையெல்லாம் சேர்த்தால் காசிக்குப் போய் வந்திருக்கலாம். சொல் நின்றுபோனால் இருமுவார், வெற்றிலை எச்சில் துப்பப் போகிறவர்போல் எழுந்துகொள்வார், தொடையைக் கிள்ளுவார். கோயிலில் ஊரோடு சேர்ந்து பாடும்போது மட்டும் ஒரு சொல்லும் நிற்காது என்பதால் பண்டாரத்தைவிட முன்னதாகக் கோயிலுக்குப் போய் நிற்பார்.

இவை எல்லாவற்றிலும் மேலான உபாயம் ஒன்றை அவர் மாடுகளிடமிருந்து கற்றிருந்தார். மாட்டிடம் பேசினால் அவருக்குத் திக்குவதில்லை. ஆகவே மனிதரிடம் சொல்ல வேண்டியதை மாட்டின் முகத்தைப் பார்த்துச் சொல்வார், மனிதர் அதைக் கேட்டுக்கொள்வார். "ஏண்டா மயிலை, உன்ற பல்லைப் பார்த்தா நாலு வயசு, உன்ற எசமானன் மூணுங்கிறாரு, ஆரு சொல்றதை நம்பறது?" என்று அவர் காளையைக் கேட்க, எசமானன் நாணிக்கொண்டு வயதை ஒத்துக்கொள்வார்.

ஆனாலும் உபாயம் என்பது கயிறு. இழுக்க இழுக்க நைந்துவிடும். போன வருடம் உதவிய இருமல் இந்த வருடம் உதவாது. எல்லாக் கயிறும் அறுந்து ஒரு சொல் பாதியில் நிற்கும்போது, எதிரே இருப்பவர் இரக்கத்தினாலோ அவசரத்தினாலோ அதைத் தாமே எடுத்து முடித்துவிடுவார். தவறாக முடித்திருந்தாலும், மறுத்துத் திரும்பத் தொடங்குவதைவிடத் தலையாட்டிவிடுவது எளிது. அப்படித் தலையாட்டியே பொங்கியண்ணன் தமக்கு வேண்டாத எருமை ஒன்றை வாங்கினார். அப்படித் தலையாட்டியே தம் மகளுக்குத் தாம் நினைத்த பேரை விட்டுவிட்டு மைத்துனர் முடித்த பேரை வைத்தார். கேட்போரே, பிறர் வாயில் நிற்கும் சொல் பிறர் வீட்டு வாசலில் நிற்கும் மாடு. அவிழ்த்துக்கொண்டு போக நமக்கு உரிமையில்லை.

ஆடிக் காற்று வீசிக்கொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை, ஒரு சோடிக் காளைக்காகப் பொங்கியண்ணனும் குப்பண்ணனும் துண்டுக்குள் கைகோத்து நின்றார்கள். குப்பண்ணன் அந்தச் சந்தையிலேயே வேகமான வாய்க்காரர். கிழட்டு மாட்டையும் கன்றென்று சொல்லி விற்றுவிட்டு, வாங்கியவர் யோசிப்பதற்குள் டீ வாங்கிக் கொடுத்து வழியனுப்பிவிடுவார். விலை படியும் நேரத்தில் பொங்கியண்ணனின் தொண்டையில் ஏதோ ஒன்று கழன்றது. அது எறும்புச் சாரையாகத் தோளில் இறங்கி, முழங்கையைக் கடந்து, விரல் நுனி வழியே வெளியேறிற்று. குப்பண்ணன் வாயைத் திறந்தார். "மா... மா... மா..." என்றார். மாடு என்று சொல்ல வந்தவருக்கு அதற்கு மேல் வரவில்லை.

"போதும் குப்பண்ணா, கையை எடு. பேசுன விலை பேசுனதுதான்," என்றார் பொங்கியண்ணன், ஒரு தடையுமின்றி. தம் குரல் அவ்வளவு நீளமானது என்று அவருக்கே அன்றுதான் தெரிந்தது.

சந்தை இதற்கு வியந்துபோகவில்லை. கோமாரி மாட்டிலிருந்து மாட்டுக்குத் தொற்றுவதைத் தலைமுறை தலைமுறையாகப் பார்த்தவர்களுக்கு, திக்கல் மனிதரிலிருந்து மனிதருக்குத் தொற்றியதில் அதிசயப்பட ஒன்றுமில்லை. கோமாரிக்குச் செய்வதையே செய்தார்கள். குப்பண்ணனைத் தனியே ஒரு வேலமரத்தடியில் நிறுத்தி, வேப்பிலைப் புகை காட்டி, கழுத்தில் மஞ்சள் துணி கட்டினார்கள். கால்நடை மருத்துவரிடம் இதற்கு ஊசி உண்டா என்று கேட்டார்கள்; நோயாளிக்குக் கொம்பிருந்தால் கூட்டிவரலாம் என்றார் அவர். அடுத்த வியாழக்கிழமை குப்பண்ணன் கை கொடுத்த தரகருக்கு அது போயிற்று. குப்பண்ணனின் வாய் பழையபடி ஓடிற்று. இருப்பது ஒரே ஒரு திக்கல், அது துண்டுக்குள் பிடித்த கை வழியே நகர்கிறது, ஒருவரிடம் வந்தால் மற்றவரிடம் இராது என்பது மூன்றாம் வாரத்துக்குள் சந்தைக்கே விளங்கிவிட்டது.

விளங்கியதும் துண்டுக்குள் கை வைக்க ஆளில்லாமல் போயிற்று. விலையை வாய்விட்டுப் பேசினார்கள். பேசிய விலை எல்லார் காதிலும் விழுந்ததால் அண்ணனுக்கும் தம்பிக்கும் சண்டை, மாமனுக்கும் மருமகனுக்கும் சண்டை, கொடுத்தவருக்கும் எடுத்தவருக்கும் சண்டை. கடைசியில் ஊருக்கும் சந்தைக்கும் தலைவராயிருந்த தேவணன் தரகர்களைக் கூட்டி உட்காரவைத்தார்.

"வாய்க்காத் தண்ணிக்கு என்ன பண்றோம்? முறை வெச்சு விட்டுக்கறோம்," என்றார். "நல்லதுக்கு முறை வெச்சவன் கெட்டதுக்கும் முறை வெச்சுக்கோணும். வியாழனுக்கு வியாழன் ஆளு மாறட்டும்."

"பொங்கியண்ணனுக்கும் முறை உண்டுங்களா?" என்று ஒருவர் கேட்டார்.

"அந்தாளு பொறந்ததுலேருந்து நம்ம எல்லாத்து முறையையும் சேத்துச் சொமந்துட்டாரு. அவரை வுட்டுருங்க."

அவ்வாறே முறை நடந்தது. முறைக்காரர்கள் பொங்கியண்ணனின் வீட்டுக்கு வந்து, இத்தனை காலம் எப்படிப் பிழைத்தீர் என்று கேட்டார்கள். சக்கரம் இறங்கும் சொற்களைக் கண்டுகொள்வது எப்படி, எந்தச் சொல்லுக்கு எந்தச் சொல் மாற்று, எந்த நிறுத்தத்தில் இறங்கினால் நடை குறைவு என்றெல்லாம் அவர் சொல்லிக்கொடுத்தார். சில மாதங்களில் சந்தை முழுவதும் மாட்டைப் பார்த்துப் பேசப் பழகியிருந்தது. வெளியூர் வியாபாரிகள் இது இவ்வூர் வழக்கம் போலும் என்று எண்ணித் தாங்களும் காளைகளுக்கு வணக்கம் சொன்னார்கள். முறைக்காரரால் பொய்யை வேகமாகச் சொல்ல முடியாது என்பதால் அந்த வாரம் அவரிடமே கூட்டம் கூடியது. மெதுவாகச் சொன்ன பொய்யை யார்தான் வாங்குவார்?

பொங்கியண்ணனோ போண்டா தின்றார். தட்டாங்காட்டுக்கே சீட்டுக் கேட்டு தட்டாங்காட்டிலேயே இறங்கினார். நாக்கு விடுதலையான மனிதர் செய்வதையெல்லாம் செய்தார். முதலில் தமக்காகப் பேசினார், பிறகு தேவைக்கு மேல் பேசினார், பிறகு பிறருக்காகவும் பேசினார். முறைக்காரர் ஒருவர் "சு... சு..." என்று நிற்கும்போது "சுழி சரியில்லைங்கிறாரு" என்று தாம் முடித்துவைப்பார். அவர் சொல்ல வந்தது மாட்டின் மயிர்ச்சுழி நன்றாயிருக்கிறது என்பதாகவும் இருக்கலாம்; அவரும் தலையாட்டிவிடுவார். பசித்தவன் சோறு கிடைத்த மறுநாளே பசியை மறப்பதைப் பாருங்கள். மறப்பது குற்றமன்று, அடுத்தவர் இலையை இழுப்பதுதான் குற்றம்.

இரண்டாம் சுற்றில் முறை குப்பண்ணனுக்கு வந்தது. அந்த வாரமே அவர் மகளின் கல்யாணத்தை உறுதி செய்ய உப்புச்சர்க்கரை மாற்றும் நாள் குறித்திருந்தார்கள். மாப்பிள்ளை வீட்டார் முன் பெண்ணின் தகப்பன் எழுந்து நின்று சொல்ல வேண்டிய சொற்கள் உண்டு. அங்கே மாட்டைக் கட்டிவைத்து அதன் முகத்தைப் பார்த்துப் பேச முடியாது. சந்தை கலையும் நேரம் அவர் நல்லாத்தாளின் கடைக்குப் போனார்.

நல்லாத்தாள் மாடு கட்டும் தும்பும் மூக்கணாங்கயிறும் சலங்கையும் விற்பவள். கணவன் இறந்தபின் சந்தைக்கு வந்தவள். எந்தத் தரகரையும் வாயால் வென்றுவிடுவாள் என்பதால், தரகர்கள் அவளிடம் பேரம் பேசாமலே கயிறு வாங்கினார்கள். அவள் தும்பை நீட்டியபோது குப்பண்ணன் தம் தோள்துண்டை அவள் கைமேல் போட்டு, அதற்குள் விரலைப் பற்றி ஒரு அழுத்து அழுத்திவிட்டு ஓடினார்.

"அட எ... எ... எடுபட்ட..." என்று அவள் தொடங்கினாள். அந்த வசவு முடிவதற்குள் குப்பண்ணன் சந்தை வாசலைத் தாண்டியிருந்தார்.

இப்போதுதான் முறை வைத்தவர்களின் பிழை வெளிப்பட்டது. துண்டுக்குள் கை வைப்பது ஆண்களின் தொழில் என்பதால், அவர்கள் ஆண்களுக்கு மட்டுமே முறை வைத்திருந்தார்கள். பெண்ணிடம் போனால் எப்படித் திரும்ப வாங்குவது என்று எவரும் நினைத்துப் பார்க்கவில்லை. கைம்பெண்ணின் கைமேல் துண்டு போட்டு விரலைப் பிடித்தால் ஊர் என்ன சொல்லும் என்று தரகர்கள் ஒவ்வொருவரும் கையைக் கட்டிக்கொண்டார்கள். குப்பண்ணன் செய்தது தவறு என்று எல்லாரும் ஒரே குரலில் சொன்னார்கள், சொல்லிவிட்டு மாடுகளை ஓட்டிக்கொண்டு போனார்கள்.

நல்லாத்தாளுக்கு அது சாதாரண வாரமன்று. கணவன் விட்டுப்போன கிணற்றுத் தோட்டத்தைத் தன் பேருக்கு எழுதித் தரவேண்டும் என்று கொழுந்தன் ராக்கியண்ணன் ஊர்க்கூட்டத்தில் கேட்டிருந்தான்; அவள் பதில் சொல்ல வேண்டிய கூட்டம் சனிக்கிழமை. அவ்வூர்க் கூட்டத்தின் வழக்கம் இது: மாரியம்மன் முன்னால் தட்டில் சூடம் ஏற்றுவார்கள், கேட்கப்பட்டவர் அது எரிந்து அடங்குமுன் தம் வாயால் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் சம்மதம் என்று பொருள்.

வெள்ளிக்கிழமை காலை அவள் பொங்கியண்ணன் வீட்டுக்கு வந்தாள். அவர் தம் உபாயங்களையெல்லாம் எடுத்துவைத்தார்.

"வராத சொல்லை வுட்டுப்போட்டு வேற சொல்லு எடுத்துக்க அம்மிணி."

"தோ... தோ... தோட்டத்துக்கு வேற என்னங்கண்ணா சொ... சொல்றது? அது தோட்டந்தானுங்களே."

"அப்ப இருமிக்க. இல்லாட்டிப் பாட்டு மாதிரி இழுத்துப் பாரு. மாடு ஏதாச்சும் நின்னா அது மொகத்தைப் பார்த்து..."

அவள் கையைக் காட்டி அவரை நிறுத்தினாள். ஒவ்வொரு சொல்லையும் கிணற்றிலிருந்து இறைப்பதுபோல் இறைத்து, "இதெல்லாம் ஒ... ஒளிஞ்சுக்கற வித்தைங்கண்ணா," என்றாள். "ஒளிய எ... எடமில்லாதவளுக்கு ஏதாச்சும் இருந்தாச் சொ... சொல்லுங்க."

அவரிடம் அப்படி ஒன்று இல்லை. ஒரு ஆயுள் முழுதும் தேடியும் அவர் அதைக் கண்டெடுத்ததில்லை. ஒரே ஒரு வழிதான் இருந்தது; அது அவர் தோளில் மடித்துக் கிடந்தது. அதை அவரும் அறிவார், அவள் கண் அங்கே போய் வந்ததால் அவளும் அறிவாள் என்று தெரிந்தது. பொங்கியண்ணன் தம் வலக்கையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, வெயில் ஏறுகிறது என்றும் பார்த்துப் போகும்படியும் மிகத் தெளிவாகச் சொன்னார். அவள் போனபின் நாக்கைக் கடித்துக்கொண்டார். வலித்தது. ஆனாலும் அவள் பின்னால் போகவில்லை.

சனிக்கிழமை ஊர் கூடியது. தேவணன் நடுவில் உட்கார்ந்தார். தரகர்கள் ஓரமாக நின்றார்கள். மகளுக்கு உப்புச்சர்க்கரை மாற்றி முடித்த குப்பண்ணன் எல்லாருக்கும் பின்னால் நின்றார். பண்டாரம் தட்டில் சூடத்தை வைத்து ஏற்றினார்.

"நல்லாத்தா, உன்ற தோட்டத்தை ராக்கியண்ணன் கேக்கறான். உனக்கு ஆயுசுக்கும் கஞ்சி ஊத்தறேங்கிறான். நீ என்ன சொல்றே?" என்றார் தேவணன்.

நல்லாத்தாள் எழுந்து நின்றாள். இருமவில்லை. முகத்தைத் திருப்பவில்லை. "தோட்டத்தை நா... நா... நா..." என்றாள், சொல் அங்கே நின்றுவிட்டது. அவள் கழுத்து நரம்பு புடைத்தது. சுடர் குட்டையாயிற்று.

"நான் எதுக்கு வெச்சுக்கறேன், கொழுந்தனே பார்த்துக்கட்டுங்குது," என்றான் ராக்கியண்ணன். "பாவம், வாய் வரலை. நமக்குத் தெரியாதா? எழுதிக்கலாமுங்க."

கூட்டத்தில் பலர் தலையாட்டினார்கள். இரக்கமுள்ளவர்கள் முதலில் ஆட்டினார்கள். பொங்கியண்ணனின் வாயில் அவளுடைய பதில் முழுதாக வந்து உட்கார்ந்துகொண்டது. அவள் என்ன சொல்வாள் என்று அவருக்குத் தெரியும், அதைத் தேன்போல் சொல்லக்கூடிய நாக்கும் இருந்தது, சொன்னால் ஊர் கேட்கும், தோட்டம் தப்பும். அவர் எழுந்தே விட்டார். எழுந்தவர், தாமும் ராக்கியண்ணனும் ஒரே வாசலில் கட்டியிருக்கும் மாட்டின் மேல்தான் கை நீட்டிக்கொண்டிருக்கிறோம் என்பதைக் கண்டார். வாய்க்கு வந்ததை விழுங்கினார். தோள்துண்டை உருவிக்கொண்டு அவளை நோக்கி நடந்தார்.

அவள் உள்ளங்கையைக் காட்டி அவரைத் தடுத்தாள். வேண்டாம் என்று தலையசைத்தாள். திக்கலை வாங்கிக்கொண்டு சொல்லைத் தருவதும் ஒரு தானந்தான். அவள் எதையும் பெற்றுக்கொண்டு பேசுவதற்கு வரவில்லை.

சுடர் தட்டோடு ஒட்டி நீலமாயிற்று. பொங்கியண்ணன் கூட்டத்தைப் பார்த்துத் திரும்பினார்.

"அவங்க இன்னும் முடிக்கலீங்க," என்றார்.

விடுதலை பெற்ற அந்த நாக்கு அதுவரை பேசிய பேச்சிலெல்லாம் பயனுள்ள பேச்சு அது ஒன்றுதான். பேசிவிட்டுக் குனிந்து, பண்டாரத்தின் பொட்டலத்திலிருந்து ஒரு சூடத்தை எடுத்துச் சுடரின் மேல் வைத்தார்.

"இதென்னுங்க, வழக்கத்துல இல்லாத வழக்கமா இருக்குது?" என்று ராக்கியண்ணன் கத்தினான்.

"சூடம் அடங்கறதுக்குள்ளேன்னுதான் வழக்கம். எத்தனை சூடம்னு ஆரும் சொல்லலியே," என்றது பின்னாலிருந்து ஒரு குரல். குப்பண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து, நல்லாத்தாளின் முகத்தை நிமிர்ந்து பாராமல், இன்னொரு சூடத்தை வைத்துவிட்டுப் போனார். பிறகு முறை சுமந்த தரகர்கள் ஒவ்வொருவராக வந்தார்கள். பிறகு முறையே சுமக்காத பெண்கள் வந்தார்கள். பண்டாரத்தின் பொட்டலம் தீர்ந்ததும் கோயில் கடைக்காரர் கேளாமலே புதுப் பொட்டலத்தைப் பிரித்தார். காற்று அடித்தபோது மறைத்துக்கொண்டு நின்றார்கள். யாரும் அவளுக்காகச் சொல்லவில்லை, இருமக்கூட இல்லை. ஊர் முழுவதும் ஒரு பெண்ணின் உதட்டைப் பார்த்து நின்றது. நிற்கத் தெரியாத ஊராக இருந்தது அது. நின்று பழகியதும் நிற்பது அப்படியொன்றும் பாரமாயில்லை.

"நா... நா..." என்றாள் நல்லாத்தாள். "நா... நானே உழுதுக்குவேன்."

சுடர் இன்னும் எரிவதைத் தேவணன் பார்த்தார். "சொல்லிப்போட்டா. கேட்டாச்சு," என்றார். "தோட்டம் அவளுது." ராக்கியண்ணன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போனான். அவன் பின்னால் எவரும் போகவில்லை.

கூட்டம் கலைவதற்கு முன், எல்லார் கண்ணும் பார்க்க, நல்லாத்தாள் பொங்கியண்ணனின் முன்னால் வந்து நின்று வலக்கையை நீட்டினாள். "மு... முறைன்னா முறைதானுங்கண்ணா," என்றாள். "எனக்கு வந்தது வந்துது. இனி பொம்பளைங்க எங்களுக்கும் சே... சேத்து முறை வெய்யுங்க. து... துண்டைப் போடுங்க."

பொம்பளை கைக்கா என்று ஒருவர் முணுமுணுத்தார். பக்கத்திலிருந்தவர் அவர் காலை மிதித்தார். பொங்கியண்ணன் துண்டை விரித்து இருவர் கைமேலும் போர்த்தினார். அவளுடைய விரல்கள் கயிறு முறுக்கிக் காய்த்துப் போயிருந்தன. அந்த எறும்புச் சாரை அவர் விரல் நுனியில் ஏறி, முழங்கையைக் கடந்து, தோள் வழியே போய், மேய்ந்து வந்த மாடு தன் கட்டுத்தறியைத் தானே கண்டுகொள்வதைப் போலத் தொண்டையில் படுத்துக்கொண்டது. அவர் கண்ணை மூடித் திறந்தார். நல்லாத்தாள் குப்பண்ணன் பக்கம் திரும்பி, வியாழக்கிழமை பாதியில் விட்ட வசவை முழுதாகச் சொல்லி முடித்தாள். குப்பண்ணன் தலை குனிந்து கேட்டுக்கொண்டார்.

தேவணன் எழுந்து வந்தார். "ஏனப்பா, உன்னைத்தான் முறையிலிருந்து வுட்டுட்டமே. எதுக்கு மறுபடியும் வாங்கினே?"

பொங்கியண்ணன் அவர் முகத்தை நேராகப் பார்த்தார். "எ... எ..." என்றார். சொல் நின்றது. தேவணன் முடித்துக்கொடுக்க வாயைத் திறந்தார். திறந்த வாயை மெல்ல மூடிக்கொண்டு, கைத்தடியைத் தரையில் ஊன்றி, அந்தச் சொல் வருவதற்காகக் காத்து நின்றார்.